'கிரீன் கார்டு அப்ளை பண்ணியாச்சு'ன்னு சொன்னா... எந்தத் தேதியிலன்னு கேளுங்க!

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "பையன் அமெரிக்காவுல இருக்கான். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியாச்சு." கேட்டதுமே பொண்ணு வீட்டு ஆட்கள் முகத்தில் ஒரு தெளிச்சம். பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணினா சில வாரத்துல வருது, ரேஷன் கார்டு சில மாசத்துல வருது. கிரீன் கார்டுக்கு என்ன, மிஞ்சிப்போனா ஒரு வருஷம் ஆகுமா?

பையன் பொய் சொல்லலை. அவர் 2014-ல அப்ளை பண்ணியிருந்தாலும் இதே வாக்கியம்தான், போன மாசம் பண்ணியிருந்தாலும் இதே வாக்கியம்தான். ஆனால் அந்த ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் தூரம், இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு, ஒரு ஆயுளாகக்கூட இருக்கலாம்.

அதனால் மூணு கேள்வி கேட்கணும். 'முன்னுரிமைத் தேதி' என்ன? எந்தப் பிரிவு? எந்த ஊரில் பிறந்தார்? கடைசிக் கேள்வி ஜாதகக்காரர் கேட்கிற மாதிரி இருக்கும். உண்மையில் மூன்றிலும் முக்கியமானது அதுதான். குமரி மாவட்டத்தில் அதற்குச் சில வீடுகளில் எதிர்பாராத பதிலும் கிடைக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

அப்ளை பண்றது யாரு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். வேலை வழியாக வரும் கிரீன் கார்டுக்கு, பெரும்பாலும், வேலை பார்க்கிறவர் அப்ளை பண்றதில்லை. அவருடைய கம்பெனிதான் பண்ணுது. மொத்தம் மூணு படி.

முதல் படிக்கு 'பெர்ம்' என்று பெயர். "இந்த வேலைக்குத் தகுதியான, விருப்பமுள்ள அமெரிக்கர் யாரும் கிடைக்கலை" என்று கம்பெனி அங்குள்ள தொழிலாளர் துறைக்கு நிரூபிக்கணும். 2005 மார்ச்சில் வந்த நடைமுறை. இந்த வேலைக்கு இந்தப் பகுதியில் என்ன சம்பளம் என்று முதலில் தொழிலாளர் துறையிடம் கேட்டு வாங்கணும். பிறகு அந்த வேலைக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் விளம்பரம் கொடுக்கணும், மாநில அரசின் வேலைவாய்ப்புப் பட்டியலில் 30 நாள் போட்டு வைக்கணும், இன்னும் மூணு விதமாகவும் ஆள் தேடணும். வேடிக்கையைக் கவனிங்க. நம்ம பையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார். அதே நாற்காலிக்கு ஆள் தேவைன்னு பேப்பரில் விளம்பரம் வருது. யாராவது தகுதியான அமெரிக்கர் விண்ணப்பித்துவிட்டால், அந்த முயற்சி அதோடு நின்றுபோகும். அதனால்தான் அமெரிக்காவில் ஐ.டி. கம்பெனிகள் ஆட்குறைப்பு பண்ணும் மாதங்களில் பெர்மும் தள்ளிப்போகுது.

தேடி முடித்து, மனு கொடுத்து, தொழிலாளர் துறை பதில் சொல்ல 2025 நிலவரப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுது. இந்த மனு போய்ச் சேர்ந்த நாள்தான் 'முன்னுரிமைத் தேதி'. வரிசையில் உங்க டோக்கன் நம்பர்னு வச்சுக்கலாம். வாழ்நாள் முழுக்க அந்தத் தேதியை ஆதார் நம்பர் மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிடணும். பெர்முக்கான வக்கீல் செலவு, விளம்பரச் செலவு எல்லாவற்றையும் கம்பெனிதான் ஏற்கணும். ஊழியரிடம் வாங்கக் கூடாது என்று 2007 ஜூலையிலிருந்து விதியே இருக்கு. "பெர்ம் போட இத்தனை லட்சம் கட்டணும்"னு யாராவது கேட்டால், அங்கேயே எழுந்து வந்துடுங்க.

ரெண்டாவது படி ஐ-140. "இந்த வேலைக்கு இவருக்குத் தகுதி இருக்கு, எங்களால இந்தச் சம்பளம் கொடுக்க முடியும்" என்று கம்பெனி குடியேற்றத் துறைக்குக் கொடுக்கும் மனு. கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாட்களில் பதில் வந்துடும். ஊரில் "கிரீன் கார்டு அப்ரூவ் ஆயிட்டு"ன்னு சிலர் வீட்டில் லட்டு கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் அப்ரூவ் ஆனது கார்டு இல்லை. வரிசையில் நிற்கும் உரிமை மட்டும்தான்.

மூணாவது படிதான் உண்மையான விண்ணப்பம். அமெரிக்காவுக்குள்ளே இருந்தால் ஐ-485, இங்கே ஊரில் இருந்தால் மும்பைத் தூதரகத்தில் நேர்காணல். அந்தப் படியில் கால் வைக்க, உங்க தேதி வரணும். எப்போ வரும்?

படகில் 140 சீட்டு

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறின அனுபவம் நம்ம எல்லாருக்கும் இருக்கும். சபரிமலை சீசனில் அந்த வரிசை எவ்வளவு நீளும்னு சொல்ல வேண்டியதில்லை. இப்போ ஒரு புது விதி போடுறாங்கன்னு வச்சுக்கோங்க. படகில் மொத்தம் 140 சீட்டு. எந்த ஊரிலிருந்து வந்தவங்களா இருந்தாலும், ஒரு ஊருக்கு ஒரு நடைக்குப் பத்து சீட்டுக்கு மேல் கிடையாது. ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து ரெண்டே பேர் வந்திருக்காங்க. அவங்க நேரா ஏறிப் போயிடுவாங்க. சென்னையிலிருந்து ஆயிரம் பேர் வந்திருக்காங்க. அவங்களுக்கும் பத்துதான். பதினோராவது ஆள் நேத்து ராத்திரியே வந்து நின்னவராக இருந்தாலும் சரி, அடுத்த நடை.

கிரீன் கார்டு கணக்கு கிட்டத்தட்ட இதுதான். 1990-ம் ஆண்டு சட்டப்படி வேலை வழியாக வருடத்துக்கு 1,40,000 கார்டு. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவிகிதம், அதாவது 9,800. 140 கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு, ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு. ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகை நம்ம குமரி மாவட்டத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதாங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னொரு பக்கம், ஹெச்-1பி விசா அனுமதி வாங்குகிறவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள். உள்ளே விடும் வாசலில் எழுபது, தங்க விடும் வாசலில் ஏழு. நெரிசல் எங்கே வருதுன்னு புரியுதா?

இதிலும் ஒரு உள்கணக்கு உண்டு. அந்த 1,40,000-ல் மனைவி, குழந்தைகளும் அடக்கம். நாலு பேர் உள்ள குடும்பம் போனால் நாலு சீட்டு காலி. பிரிவுகளும் தனித்தனி. இ.பி-1 என்பது அசாதாரணத் திறமை உள்ளவர்கள், பெரிய ஆராய்ச்சியாளர்கள், பன்னாட்டு கம்பெனி மேலாளர்களுக்கு. இ.பி-2 முதுகலை படித்தவர்களுக்கு. இ.பி-3 இளங்கலை படித்தவர்கள், தொழில் தெரிந்தவர்களுக்கு. இந்த மூன்றுக்கும் தலா 40,040. இ.பி-2-வில் 7 சதவிகிதம் என்றால் இந்தியாவுக்கு 2,800 சொச்சம். மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும். அதுவும் எல்லா வருஷமும் கிடைக்காது.

இந்த விதியை இந்தியர்களைத் தடுக்கவென்றே போட்டாங்கன்னு சிலர் பேசுவாங்க. வரலாறு வேற மாதிரி. 1946 முதல் 1965 வரை இந்தியாவுக்கு அமெரிக்கா கொடுத்த ஒதுக்கீடு வருடத்துக்கு வெறும் 100 பேர். 1965-ல் அந்தப் பாகுபாட்டை ஒழித்து, எல்லா நாடும் சமம் என்று சட்டம் போட்டார்கள். அந்த 'சமம்'தான் இன்றைக்கு நம்ம ஆட்கள் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கு.

முன்னால் போகும், பின்னாலும் வரும்

யாருடைய முறை வந்திருக்குன்னு அமெரிக்க வெளியுறவுத் துறை மாசாமாசம் ஒரு அட்டவணை வெளியிடும். 'விசா புல்லட்டின்' என்று பெயர். பெரும்பாலும் மாத நடுவில், அடுத்த மாசத்துக்கானது வரும். பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி ஆயிரக்கணக்கான வீடுகளில் அதைத் திறந்து பார்ப்பாங்க.

2025 அக்டோபர் புல்லட்டினை எடுத்துக்குவோம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி-2 தேதி 2013 ஏப்ரல் 1. இ.பி-3 தேதி 2013 ஆகஸ்ட் 22. இ.பி-1 தேதி 2022 பிப்ரவரி 15. அதாவது இ.பி-2 வரிசையில் 2013 ஏப்ரலுக்கு முன்பு டோக்கன் போட்டவருக்குத்தான் அப்போ கார்டு. பன்னிரண்டரை வருஷம். அதே மாதம், வரிசை நெருக்கடி இல்லாத மற்ற நாடுகளில் பிறந்தவர்களுக்கு இ.பி-2 தேதி 2023 டிசம்பர் 1. ஒரே ஆபீஸ், ஒரே டிகிரி, ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒருத்தருக்கு ரெண்டு வருஷம், இன்னொருத்தருக்குப் பன்னிரண்டு.

"சரி, இன்னைக்குப் போட்டாலும் பன்னிரண்டு வருஷத்துல வந்துரும்ல?" இப்படித்தான் எல்லாரும் கணக்குப் போடுறாங்க. இங்கேதான் தப்பு நடக்குது. பன்னிரண்டு வருஷம் என்பது இப்போ முன்னால் நிற்பவர் காத்திருந்த காலம். நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறாங்க, வரிசை எந்த வேகத்தில் நகருதுங்கிறதுதான் நம்ம கணக்கு. 2022 அக்டோபரில் இ.பி-2 இந்தியா தேதி 2012 ஏப்ரல் 1. 2025 அக்டோபரில் 2013 ஏப்ரல் 1. மூணு வருஷத்தில் ஒரு வருஷம் நகர்ந்திருக்கு. வாஷிங்டனில் உள்ள கேட்டோ இன்ஸ்டிடியூட் 2023-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. வேலைவழி வரிசையில் மொத்தம் சுமார் 18 லட்சம் பேர், அதில் இந்தியர்கள் சுமார் 11 லட்சம். புதிதாகச் சேரும் இந்தியருக்கு 134 வருஷம் ஆகும் என்று சொன்னது. வள்ளுவர் சிலையின் உயரத்தைவிட ஒண்ணு கூட. நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வரிசையிலேயே இறந்துபோவார்கள் என்றும் அந்த ஆய்வு சொன்னது. சட்டம் இப்படியே இருந்தால், யாரும் வரிசையை விட்டு விலகாவிட்டால் என்ற அனுமானத்தில் போட்ட மதிப்பீடு அது. நிஜத்தில் பலர் விலகுவார்கள். ஆனாலும் இன்றைக்கு டோக்கன் போடும் 26 வயசுப் பையனுக்கு இது கல்யாணத்துக்கு முன்னால் நடக்கிற விஷயம் இல்லைங்கிறது நிச்சயம்.

இதைவிடக் கொடுமை, வரிசை பின்னாலும் போகும். கொரோனா காலத்தில் தூதரகங்கள் மூடியதால் குடும்ப வழிக் கார்டுகள் மிச்சமாயின. சட்டப்படி அது அடுத்த வருஷம் வேலைவழிக் கணக்குக்கு வந்தது. 2022 நிதியாண்டில் சுமார் 2,80,000 கார்டு கையில் இருந்தது. இ.பி-2 இந்தியா தேதி விறுவிறுன்னு நகர்ந்து 2022 செப்டம்பரில் 2014 டிசம்பர் 1-க்கு வந்தது. 2013, 2014 டோக்கன்காரர்கள் மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்துக் காத்திருந்தார்கள். அடுத்த மாசமே தேதி 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. டிசம்பரில் 2011 அக்டோபருக்கு. 2023 ஏப்ரலில் 2011 ஜனவரி 1-க்கே போய்விட்டது. படகின் படியில் கால் வைத்தவரைப் பிடித்து, திரும்பக் கடற்கரையில் கொண்டு நிறுத்தின மாதிரி.

2007-ல் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. ஜூலை மாதம் அநேகமாக எல்லாப் பிரிவுக்கும் கதவு திறந்திருக்குன்னு புல்லட்டின் வந்தது. ஆயிரக்கணக்கானோர் மனுவை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. ஜூலை 2-ம் தேதி, "இல்லை, நம்பர் தீர்ந்துபோச்சு"ன்னு அறிவிப்பு. அப்போ காத்திருந்த இந்தியர்கள் பண்ணினது தோவாளைக்காரங்களுக்குப் பிடிக்கும்: குடியேற்றத் துறை இயக்குநருக்குப் பூங்கொத்துகளா அனுப்பிக் குவிச்சுட்டாங்க. 'லகே ரஹோ முன்னா பாய்' படத்துல வர்ற காந்திகிரி பாணி. பூக்களை ராணுவ மருத்துவமனைக்குத் திருப்பி விட்டார் இயக்குநர். ஜூலை 17-ம் தேதி முடிவும் மாறியது. ஆகஸ்ட் 17 வரை மனு வாங்கினார்கள். பூ ஜெயிச்ச அபூர்வமான சம்பவம்.

சட்டத்தையே மாற்றும் முயற்சியும் நடக்காமல் இல்லை. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று அமோகமாக நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் அதை வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. ரெண்டையும் ஒன்றாக்காமலேயே அந்த நாடாளுமன்றக் காலம் முடிந்துபோனது.

குவைத்தில் பிறந்த பொண்ணு

இப்போ அந்த மூணாவது கேள்வி. நாட்டு வரம்பு பார்ப்பது பாஸ்போர்ட்டை இல்லை. பிறந்த இடத்தை.

நம்ம மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போகாத குடும்பம் எத்தனை? அப்பா குவைத்தில், மஸ்கட்டில், பஹ்ரைனில் வேலை பார்த்தபோது அங்கேயே ஆஸ்பத்திரியில் பிறந்து, நாலு வயசில் ஊருக்கு வந்து நாகர்கோவிலில் படித்த பிள்ளைகள் ஏராளம். இந்தியப் பாஸ்போர்ட்தான். பேச்சும் சாப்பாடும் அப்படியே நாஞ்சில். ஆனால் அமெரிக்கக் கணக்கில் அந்தப் பிள்ளை குவைத் வரிசை. அங்கே கூட்டமே இல்லை. கோட்டாறு ஆஸ்பத்திரியில் பிறந்த அண்ணன் பன்னிரண்டு வருஷமாக நிற்கும்போது, மஸ்கட்டில் பிறந்த தம்பி பின்னால் வந்து முன்னால் போய்விடுவார். ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா, ஒரே அப்பா.

இன்னொன்றும் உண்டு. கணவன், மனைவி ரெண்டு பேரில் யாருடைய பிறந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ரெண்டு பேரும் சேர்ந்து குடியேறுவதாக இருந்தால். வரிசையில் நிற்கும் நாகர்கோவில் பையன் துபாயில் பிறந்த பொண்ணைக் கட்டினால், பையனும் அந்தக் காலி வரிசைக்கு மாறிடலாம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு 'பிறந்த இடம்: வளைகுடா' என்று பயோடேட்டாவில் தடித்த எழுத்தில் போடும் காலம் வந்தாலும் ஆச்சரியமில்லை. செவ்வாய் தோஷத்துக்குப் பதிலா இது! ஆனால் குழந்தை பிறந்த நாட்டை வைத்துப் பெற்றோர் மாற முடியாது. அது மேலிருந்து கீழேதான் செல்லும்.

கல்யாணத் தேதியும் முக்கியம். பையனுக்குக் கார்டு கையில் வருவதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால், மனைவிக்கும் அதே டோக்கனில் கார்டு உண்டு. கார்டு வந்த பிறகு கட்டினால், மனைவி வேறு வரிசையில், சில வருஷம் தனியாகக் காத்திருக்கணும். "கார்டு வரட்டும், அப்புறம் கல்யாணத்தை வச்சுக்கலாம்"னு பெரியவங்க சொல்றது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பையனின் தேதி நெருங்கிவிட்டால் அது தலைகீழான யோசனை.

நர்ஸ் படிச்சவங்க கவனத்துக்கு

நெய்யூரில் லண்டன் மிஷன் தொடங்கின மருத்துவப் பணி 1838-லிருந்து இருக்கு. நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இருக்கு. நர்ஸிங் நம்ம ஊருக்குப் புதுசில்லை. அதனால்தான் "அமெரிக்காவுல நர்ஸ் வேலை, நேரடி கிரீன் கார்டு" விளம்பரங்கள் இங்கே நல்லா எடுபடுது.

விளம்பரத்தில் பாதி உண்மை. நர்ஸ்களுக்குப் பற்றாக்குறை இருக்குன்னு அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டிருப்பதால், ஞாயிற்றுக்கிழமை விளம்பரமெல்லாம் தேவையில்லை. பெர்ம் படியையே தாண்டி, ஆஸ்பத்திரி நேரடியாக ஐ-140 போடலாம். என்கிளக்ஸ் தேர்வு பாஸ் பண்ணணும், ஆங்கிலத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் முடிக்கணும். ஊரிலிருந்தே பண்ணலாம்.

மீதிப் பாதி: இது இ.பி-3 வரிசை. 2025 அக்டோபரில் இந்தியாவில் பிறந்தவருக்கு அங்கே நின்ற தேதி 2013. பெர்ம் தேவையில்லை என்பதால் வரிசை தேவையில்லைன்னு அர்த்தமில்லை. சாதாரண நர்ஸ் வேலைக்கு ஹெச்-1பி கிடைப்பதும் அரிது, ஆக அங்கே போய் வேலை பார்த்துக்கிட்டே காத்திருக்கவும் முடியாது. குவைத்தில் பிறந்த நர்ஸுக்கு இதே பாதை சில வருஷத்தில் முடியும். களியக்காவிளையில் பிறந்தவருக்கு முடியாது. ஏஜென்சியில் முன்பணம் கட்டும் முன் "இந்தியாவில் பிறந்த எனக்கு இ.பி-3-ல் இப்போ எந்தத் தேதி போய்க்கிட்டிருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அதற்குத் தேதியோடு பதில் சொல்லத் தெரியாத ஏஜென்சிக்குப் பணம் எதுக்கு? 'கிரீன் கார்டு லாட்டரி அடிச்சிருக்கு' மெயில் வந்தால் சிரித்துவிட்டு அழித்துவிடுங்க. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் குலுக்கலே கிடையாது.

காத்திருக்கும் வாழ்க்கை

ஹெச்-1பி விசாவுக்கு ஆறு வருஷம்தான் ஆயுள். ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டால், 2000-ம் ஆண்டு வந்த ஒரு சட்டத்தால் மூணு மூணு வருஷமாக நீட்டிக்கலாம். பன்னிரண்டு வருஷமாக அங்கே இருப்பவர்கள் இப்படித்தான் இருக்காங்க. வீடு வாங்கியிருப்பாங்க, வரி கட்டுவாங்க. வேலை போனால் மட்டும் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி மனு போடணும், அல்லது கிளம்பணும்.

கம்பெனி மாறினால் டோக்கன் போயிடுமா? இது ஊரில் பரவலாக இருக்கும் பயம். போகாது. ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால், பழைய கம்பெனி மனுவை வாபஸ் வாங்கினாலும் தேதி உங்களுடையது. புதுக் கம்பெனி பெர்மும் ஐ-140-ம் மறுபடி முதலிலிருந்து போடணும், ஆனால் பழைய தேதியோடு. இது தெரியாமல் மோசமான கம்பெனியிலேயே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

மனைவிக்கு ஹெச்-4. 2015 மே முதல், கணவரின் ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் அவரும் வேலை பார்க்க அனுமதி வாங்கலாம். ஆனால் தங்கும் உரிமை கணவரின் விசாவோடு கட்டியது. 2017 பிப்ரவரியில் கன்சாஸில் ஹைதராபாத் இன்ஜினீயர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்டபோது இது உலகத்துக்கே தெரிந்தது. அவருடைய உடலோடு ஊருக்கு வந்த மனைவி சுனயனா துமாலாவுக்கு, தன் வீட்டுக்குத் திரும்பிப் போக முடியுமாங்கிறதே கேள்வியாகிவிட்டது. ஒரு எம்.பி. தலையிட்ட பிறகுதான் வழி பிறந்தது.

பிள்ளைகள் விஷயம்தான் வயிற்றைப் பிசையும். ரெண்டு வயசில் போன பிள்ளைக்கு அங்கேதான் பள்ளிக்கூடம், நண்பர்கள் எல்லாம். 21 வயசு ஆனதும் பெற்றோரின் டோக்கனிலிருந்து அது விழுந்துவிடும். ஐ-140 பரிசீலனையில் இருந்த நாட்களை வயசில் கழித்துக்கொள்ள ஒரு சலுகைச் சட்டம் உண்டு. அது சில மாசம் கொடுக்கலாம், பத்து வருஷம் கொடுக்காது. அதன்பின் அந்தப் பிள்ளை வெளிநாட்டு மாணவராக விசா எடுக்கணும், அல்லது தனக்கு ஞாபகமே இல்லாத நாகர்கோவிலுக்குத் திரும்பணும். 2012-ல் பிறந்த பிள்ளையோடு 2018 டோக்கனில் நிற்கும் குடும்பம் ஒவ்வொரு புல்லட்டினையும் 2033-ஐ மனதில் வைத்துத்தான் பார்க்கும்.

குறுக்கு வழி ஏதாவது? கொஞ்சம் இருக்கு. இந்தியக் கிளையில் ஒரு வருஷம் மேலாளராக இருந்துவிட்டு அதே கம்பெனியின் அமெரிக்க அலுவலகத்துக்கு மேலாளராகப் போனால் இ.பி-1. ஆராய்ச்சிக்காரர்களுக்கும் அங்கே இடம் உண்டு. இ.பி-3 தேதி முந்தினால், எம்.எஸ். படித்தவர்கூட அதற்கு 'இறங்கி'க்கொள்ளலாம். 2020 அக்டோபரில் பலர் அப்படி இறங்கினார்கள். 8 லட்சம் டாலர், அதாவது ஏழு கோடி ரூபாய்க்கு மேல், முதலீடு செய்தால் இ.பி-5. அது நமக்கு எதுக்கு, அடுத்ததுக்குப் போவோம்.

அப்பா அம்மா எப்போ போகலாம்?

"மக்ளே, உனக்க கார்டு வந்தா எங்களையும் கூட்டிட்டுப் போவியா?" போனில் கேட்காத அம்மா உண்டா? வேலைவழிக் கார்டில் மனைவிக்கும் 21 வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மட்டும்தான் இடம். பெற்றோருக்கு மகன் மனு போடணும்னா அவர் முதலில் குடிமகனாகணும். அதற்குக் கார்டு வந்து ஐந்து வருஷம். குடிமகனின் பெற்றோருக்கு வரம்பு எதுவும் இல்லை, சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கணக்கைப் பாருங்க. 2013-ல் டோக்கன் போட்டபோது அப்பாவுக்கு 58 வயசு. 2025-ல் மகனுக்குக் கார்டு. 2030-ல் குடியுரிமை. அப்பாவுக்கு அப்போ 75. அதுவரை சுற்றுலா விசாவில் போய்வருவதுதான்.

ஊரில் இருக்கிறவங்க வேலை

தேதி வரும்போது காகிதம் தயாராக இல்லாமல் தவிப்பவர்கள் நிறைய. அந்தக் காகிதங்கள் பாதி நம்ம ஊர் அலுவலகங்களில்தான் இருக்கு. நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கொடுத்த பழைய பிறப்புச் சான்றிதழில் பலருக்குப் பெயரே இருக்காது, 'ஆண் குழந்தை'ன்னு மட்டும் இருக்கும். அதில் பெயர் சேர்க்கணும். பிறப்பைப் பதியவே இல்லைன்னா, 'பதிவில் இல்லை' என்ற சான்றும், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமும் வாங்கி வைக்கணும். வளைகுடாவில் பிறந்தவர்கள் அந்த நாட்டு அசல் சான்றிதழை பீரோவில் தேடிப் பத்திரப்படுத்தணும். முன்வரிசைக்கான சாவியே அதுதான்.

பிறகு நம்ம இனிஷியல். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு', அதாவது 'முதல் பெயர் தெரியாது'ன்னு விழும். டிரைவிங் லைசென்ஸிலிருந்து பேங்க் வரை அதே பெயர் துரத்தும். அப்பா பெயரை இனிஷியலாக மட்டும் விடாமல் பாஸ்போர்ட்டில் முழுசாக எழுதி, சர்ட்டிஃபிகேட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் வருகிற மாதிரி இப்போதே சரி பண்ணிடுங்க. கோயிலிலோ சர்ச்சிலோ கல்யாணம் முடிந்ததோடு விடாமல், பதிவாளர் அலுவலகத்திலும் பதியணும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லா மதத்தவருக்கும் அது கட்டாயம்.

இங்கிருந்தே மும்பை நேர்காணலுக்குப் போகிறவர்கள், 16 வயசுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று கொடுக்கணும். சவுதியிலோ ஓமனிலோ வேலை பார்க்கும் நர்ஸ்கள் அங்கிருந்து கிளம்பும் முன்பே அதை எப்படி வாங்குவதுன்னு கேட்டு வச்சுக்கோங்க. ஊருக்கு வந்த பிறகு அதை வாங்குவதற்குள் நாக்கு தள்ளிவிடும்.